தண்ணிக்குள்ள கிடந்தும் வறண்ட கறி

முதல் தடவை பீஃப் ஸ்டூ பண்ணப்போ கறிக்கடையில நின்னு நான் தேடித்தேடி வாங்கினது சவ்வு இல்லாத, கொழுப்பு இல்லாத, பாக்கவே செக்கச்செவேல்னு இருந்த தொடைக்கறி. நல்ல கறின்னா அதுதான்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்து சின்னச்சின்னதா வெட்டி, பெரிய பாத்திரத்துல போட்டு, தண்ணி ஊத்தி, தீயை முழுசா வெச்சு 2 மணி நேரம் தளதளன்னு கொதிக்க விட்டேன். வீடு முழுக்க வாசனை. அந்த வாசனைய நம்பி தட்டெல்லாம் எடுத்து வெச்சுட்டு ஒரு துண்டை எடுத்து வாயில போட்டா, மெல்ல மெல்ல சக்கை மாதிரி திரண்டு வருதே தவிர தொண்டைக்குள்ள இறங்கல. சுத்தி ஒரு லிட்டருக்கு மேல குழம்பு நிக்குது, அதுக்குள்ள முங்கிக் கிடந்த கறி வறண்டு போயிருக்கு. எனக்கு அது புரியவே இல்ல.

அக்காவுக்கு போன் போட்டேன்.

"அக்கா, கறி வறண்டு போச்சுக்கா."

"ஸ்டூ தானடா பண்ற, வறுவலா பண்ற?"

"ஸ்டூதான்க்கா. குழம்பு நிறைய இருக்கு. கறி மட்டும்தான் வறண்டிருக்கு."

"எந்தக் கறி வாங்குன?"

"தொடை. நல்லா க்ளீனா, சவ்வு ஒண்ணுகூட இல்லாம."

"அப்புறம் வறளாம என்னடா பண்ணும்"னு சொல்லிட்டு வெச்சுட்டா. அவ எப்பவும் அப்படித்தான், விடைய மட்டும் சொல்வா, கணக்கைப் போட்டுக் காட்ட மாட்டா. அந்தக் கணக்கு பிடிபட எனக்கு நாலஞ்சு பாத்திரம் ஸ்டூ ஆச்சு.

கறிக்குள்ள ரெண்டு சமாச்சாரம் இருக்கு. ஒண்ணு தசை நார். அது ஈரத்துணி மாதிரி, உள்ள தண்ணி நிறைய வெச்சிருக்கும். சூடு 60, 65 டிகிரி செல்சியஸ் வந்ததுமே அது சுருங்க ஆரம்பிச்சு, துணியப் பிழியற மாதிரி தண்ணிய வெளிய தள்ளிடும். சுத்தி எவ்வளவு தண்ணி இருந்தாலும் இதுதான் நடக்கும், ஏன்னா பிழியறது சூடு, வெளிய இருக்குற தண்ணி திரும்ப உள்ள போகாது. ரெண்டாவது சமாச்சாரம் சவ்வு, அதாவது கொலாஜன். அது 70 டிகிரிக்கு மேல, அதுவும் மணிக்கணக்குல நின்னாதான் கரைஞ்சு பிசுபிசுப்பான ஜெலட்டினா மாறும். ஆக நார் தன்னோட தண்ணியைவிட்டு ரொம்ப நேரம் கழிச்சுதான் சவ்வு இளகவே ஆரம்பிக்குது. இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாத்தா ஒரு விஷயம் புரியும், ஸ்டூவுல வேகுற எல்லாக் கறியுமே நார் அளவுல பாத்தா வறண்ட கறிதான். நல்ல ஸ்டூ வாயில வழுக்கிட்டுப் போறதுக்குக் காரணம் தண்ணி இல்ல, அந்த வறண்ட நாருக்கு நடுவுல உருகி நிக்குற ஜெலட்டினும் கொழுப்பும்தான். நான் வாங்கின தொடைக்கறியில உருகறதுக்கு ஒண்ணுமே இல்ல. காசு குடுத்து, தேடி, ஸ்டூவுக்கு வேண்டியதை எல்லாம் ஒதுக்கிட்டு வேண்டாததை மட்டும் வாங்கிட்டு வந்திருக்கேன்.

அதனால இப்ப கடைக்குப் போனா பாக்குற பார்வையே மாறிடுச்சு. மாடு நாள் முழுக்க நிக்குது, நடக்குது, தலையைக் குனிஞ்சு மேயுது, அதனால எந்தெந்த இடம் ஓயாம உழைக்குதோ அங்க சவ்வு ஜாஸ்தி. தோள்பட்டை, கழுத்து, முன்னங்கால், கன்னம், வால். இதுல எனக்குப் பிடிச்சது தோள்பட்டைதான், சக்னு சொல்வாங்க, அதுல வெள்ளைக் கோடு கோடா கொழுப்பும் இருக்கும், சவ்வும் இருக்கும், கறியும் நிறைய இருக்கும். கால்கறி இன்னும் பிசுபிசுப்பா வரும், ஆனா நேரம் எடுக்கும். கன்னம் கிடைச்சா விடவே விடாதீங்க. ஸ்டூ கறின்னு ஏற்கனவே வெட்டி பாக்கெட் போட்டு வெச்சிருப்பாங்க பாருங்க, அதை மட்டும் நான் தொடறதில்ல, அதுல தொடையும் இருக்கும் தோளும் இருக்கும் மிச்சம் மீதியும் இருக்கும், ஒண்ணு வெந்து குழையறப்போ இன்னொண்ணு கல்லு மாதிரி இருக்கும், மூணாவது சக்கையாகிடும். முழுசா ஒரு துண்டு வாங்கி நாமளே வெட்டிக்கிறதுதான் நிம்மதி.

எங்க வீட்டுப் பாத்திரத்துக்கு 1.5 கிலோ தோள்பட்டை சரியா இருக்கும். துண்டு போடறது இப்பெல்லாம் வறுத்ததுக்கு அப்புறம்தான், அதைக் கீழ சொல்றேன், ஆனா எப்ப வெட்டினாலும் பெருசா வெட்டணும், ஒரு பக்கம் 4லருந்து 5 சென்டிமீட்டர். வேகறதுக்கு முன்னாடி பாக்குறப்போ இதென்ன ஒரு வாய்க்கு அடங்காது போலயேன்னு தோணும், வெந்தா நல்லாவே சுருங்கிடும். வெளியில தடிமனா கட்டிக் கொழுப்பு இருந்தா அதை மட்டும் எடுத்துடுவேன். உள்ள ஓடுற வெள்ளை சவ்வை எடுக்காதீங்க, பாக்க ரப்பர் மாதிரி இருக்கும், அதுதான் மூணு மணி நேரம் கழிச்சு சாஸா மாறப்போகுது. கொஞ்சமா 2 டீஸ்பூன் உப்பு போட்டு பிசறி, முடிஞ்சா முதல்நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜ்ல வெச்சுடுவேன். உப்பு உள்ள இறங்கறதுக்கு அந்த நேரம் வேணும்.

அடுத்தது வறுக்கறது. இங்கதான் எல்லாரும் அவசரப்படுவோம், நானும்தான். மொத்தக் கறியையும் ஒரே நேரத்துல பாத்திரத்துல கொட்டுவோம், ஒரு நிமிஷம் 'ஸ்ஸ்ஸ்'னு சத்தம் வரும், அப்புறம் அந்த சத்தம் அடங்கி 'புளக் புளக்'னு மாறிடும். அந்த சத்தம் மாறுனாலே ஆட்டம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். கறியிலருந்து வந்த தண்ணி அடியில தேங்கி நிக்குது, தண்ணி இருக்குற வரைக்கும் அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது, கறி சாம்பல் கலர்ல அவிஞ்சுட்டு கிடக்கும். நமக்கு வேணுங்கிற அந்த அடர் பிரவுன் கலர், அதோட வர்ற வாசனை எல்லாம் கிட்டத்தட்ட 140 டிகிரிக்கு மேல போனாதான் வேகமா நடக்கும். புரோட்டீன்ல இருக்குற அமினோ அமிலமும் சர்க்கரையும் சேர்ந்து நடத்துற வேலை அது, 1912ல அதைப் பத்தி எழுதின பிரெஞ்சு விஞ்ஞானி லூயி கமில் மயார் பேரைத்தான் அதுக்கு வெச்சிருக்காங்க.

இதுல ஒரு பழைய கதையும் உண்டு. கறியை முதல்ல நல்லா வறுத்தா வெளிப்பக்கம் அடைச்சுக்கிட்டு சாறு உள்ளயே நிக்கும்னு சொல்வாங்க இல்லையா. அதைப் பரப்பினதுல பெரிய பங்கு ஜெர்மன் வேதியியலாளர் யூஸ்டுஸ் ஃபான் லீபிக்குக்கு உண்டு, 1847ல எழுதினாரு. பெரிய ஆளு, ஆனா இந்த விஷயத்துல தப்பு. வறுத்த கறியை எடுத்து ஒரு தட்டுல வெச்சுட்டு 10 நிமிஷம் கழிச்சுப் பாருங்க, தட்டுல சாறு குளமா நிக்கும். அடைச்சிருந்தா அது எங்கருந்து வந்துச்சு? வறுக்கறது முழுக்க முழுக்க ருசிக்குத்தான், ஈரத்துக்கு இல்ல. இது தெரிஞ்சதுக்கு அப்புறம் எனக்கு ஒரு விடுதலை, எல்லாத் துண்டையும் ஆறு பக்கமும் திருப்பித் திருப்பி வறுக்கணும்னு அவசியமே இல்ல. இப்பெல்லாம் கறியை வெட்டாம ரெண்டு மூணு பெரிய பலகையா வெச்சே வறுத்துடறேன், பேப்பர் டவலால ஈரத்தை ஒத்தி எடுத்துட்டு, கனமான அடி உள்ள பாத்திரத்துல எண்ணெய் நல்லா காய்ஞ்சதும் ஒரு பலகை, பக்கத்துக்கு 5, 6 நிமிஷம், அதை எடுத்துட்டு அடுத்தது. அப்புறமாதான் துண்டு போடறது. ஒவ்வொரு துண்டுலயும் ஒண்ணு ரெண்டு பக்கம் நல்லா கருஞ்சிவப்பா இருக்கும், மத்த பக்கம் மெத்துன்னு இருக்கும், அடுப்புகிட்ட நிக்குற நேரமும் பாதியாகிடும்.

பாத்திரத்தோட அடியில பிரவுனா ஒட்டிக்கிட்டு நிக்கும் பாருங்க, அதைக் கழுவிடாதீங்க தயவுசெஞ்சு. என் ஃப்ரெண்டு ஒருத்தன் அடி பிடிச்சிடுச்சுன்னு நெனச்சு தேய்ச்சுக் கழுவிட்டு, பளபளன்னு ஆனதும் மறுபடி அடுப்புல வெச்சான், ஸ்டூவோட பாதி ருசி சிங்க்ல போயிடுச்சு. ஆனா கருப்பாகி கசப்பு வாடை வந்துட்டா அது வேற, அப்ப கழுவித்தான் ஆகணும். பிரவுனுக்கும் கருப்புக்கும் நடுவுல ஒரு நிமிஷம்தான் இருக்கு, அந்த நேரத்துல போனை எடுக்காதீங்க.

அந்த அடி மேலயே 2 பெரிய வெங்காயத்தை வெட்டிப் போட்டா வெங்காயத்துலருந்து விடுற தண்ணியே பாதி பிரவுனைக் கெளப்பிடும். வெங்காயம் வதங்கினதும் 5, 6 பல் பூண்டு, 2 டேபிள்ஸ்பூன் தக்காளி பேஸ்ட். தக்காளி பேஸ்ட்டை வதக்காம விடாதீங்க, பளீர் சிவப்பா இருக்கறது செங்கல் கலருக்கு மாறி எண்ணெய் ஓரத்துல பிரிஞ்சு நிக்கணும், அப்பதான் அந்தப் பச்சைப் புளிப்பு போகும். மேல 3 டேபிள்ஸ்பூன் மைதா தூவி ஒரு நிமிஷம் கிளறி, 250 மில்லி ரெட் ஒயின் ஊத்தி மரக்கரண்டியால அடியச் சுரண்டி விட்டா எல்லாம் கரைஞ்சு மேல வந்துடும். ஒயின் வேணாம்னா ஸ்டாக்கையே, அதாவது எலும்பு வேகவெச்சு எடுத்த தண்ணியையே ஊத்திச் சுரண்டுங்க, ஒண்ணும் குறைஞ்சிடாது, புளிப்புக்கு மட்டும் கடைசியில வேற வழி பாத்துக்கலாம்.

இப்ப ஸ்டாக், கிட்டத்தட்ட 1 லிட்டர். வீட்டுல எலும்பு போட்டு எடுத்ததுன்னா ரொம்ப சந்தோஷம். டப்பாவுல வர்றதுல பெரும்பாலும் உப்புதான் இருக்கும், ஜெலட்டின் இருக்காது. அதுக்கு நான் பண்ற சின்ன தில்லாலங்கடி, இனிப்பில்லாத ஜெலட்டின் பவுடர் 7, 8 கிராம் எடுத்து ஆறின ஸ்டாக்லயே ஊற வெச்சுக் கலந்துடறது. உதட்டுல லேசா ஒட்டுற அந்தப் பிசுபிசுப்பு வந்துடும். வறுத்து வெட்டி வெச்ச கறியைத் திரும்ப உள்ள போட்டா, துண்டுங்க முங்கியும் முங்காம, தலை கொஞ்சம் வெளிய தெரியுற மாதிரி தண்ணி இருந்தா போதும். ஜாஸ்தி ஊத்தினா சூப்புதான், ஸ்டூ இல்ல. தைம் ரெண்டு கொத்து, பே லீஃப் ரெண்டு. இன்னொரு ரகசியம், 1 டேபிள்ஸ்பூன் சோயா சாஸ். சோயா சாஸ் வாசனை வராது, கறி வாசனைதான் தூக்கும், அதுல இருக்குற, ருசியைத் தூக்கிக் குடுக்குற குளுட்டமேட்டோட வேலை அது. உப்பை மட்டும் இந்த இடத்துல போட்றாதீங்க. நான் ஒரு தடவை ஆரம்பத்துலயே ருசி பாத்து 'சரியா' உப்பு போட்டேன், 3 மணி நேரத்துல தண்ணி சுண்டி, கடல் தண்ணி ஆகிடுச்சு. உருளைக்கிழங்கு போட்டா உப்பை இழுத்துக்கும்னு யாரோ சொன்னாங்கன்னு நாலு கிழங்கு போட்டேன், கிழங்கும் உப்பாச்சு, அவ்வளவுதான். கிழங்கு உப்பை மட்டும் தேடிப்புடிச்சு இழுக்காது, உப்புத்தண்ணியை அப்படியே குடிக்கும்.

அடுத்து தீ. என்னோட முதல் ஸ்டூவைக் கொன்னது தொடைக்கறி மட்டும் இல்ல, அந்தக் கொதியும்தான். தளதளன்னு கொதிச்சா நார் இன்னும் இறுகிப் பிழிஞ்சுக்கும், துண்டு ஒண்ணோட ஒண்ணு மோதிப் பிய்யும், மேல மிதக்குற கொழுப்பு சாஸுக்குள்ள அடிபட்டுக் கலங்கி ஒரு மாதிரி மந்தமா, எண்ணெய் பிசுக்கா ஆகிடும். வேணுங்கிறது என்னன்னா மேற்பரப்பு கிட்டத்தட்ட அசையாம இருக்கணும், ஒரு ஓரத்துல ஒரு குமிழ் எழுந்து உடையணும், ஒரு மூச்சு விட்டப்புறம் இன்னொரு இடத்துல இன்னொண்ணு. 85லருந்து 95 டிகிரி அது. கேஸ் அடுப்புல சின்ன பர்னரை எவ்வளவு குறைச்சாலும் சில சமயம் கொதிக்கத்தான் செய்யும், அப்ப அடியில ஒரு கனமான இரும்புக்கல்லை வெச்சு அது மேல பாத்திரத்தை வெச்சுடுவேன். ஓவன் இருந்தா இன்னும் நல்லது, 150 டிகிரி, மூடியை ஒரு விரல் அளவு திறந்து வெச்சு உள்ள தள்ளிட்டா சூடு எல்லாப் பக்கத்துலருந்தும் வரும், அடி பிடிக்காது, திறந்த இடத்துல கறியோட மேல்பக்கம் இன்னும் கொஞ்சம் பிரவுனாகும், அதுவும் ருசிதான்.

1 மணி நேரத்துல எடுத்துக் கடிச்சுப் பாத்துட்டு யாரும் மனசு உடையாதீங்க. அப்பதான் கறி இருக்கறதுலயே கட்டியா இருக்கும், நார் இறுகிடுச்சு, சவ்வு இன்னும் கரையல. நான் அந்த நேரத்துலதான் பயந்துபோய் தீயைக் கூட்டுவேன் முன்னெல்லாம். 2 மணி நேரத்துல ஃபோர்க் குத்துனா உள்ள போகும், ஆனா எடுக்கறப்போ துண்டும் கூடவே தூக்கிட்டு வரும். இரண்டரை, மூணு மணி நேரம் போல குத்தி லேசா ஒரு திருகு திருகினா துண்டு தானா பிரியும், ஆனா உடைஞ்சு தூளாகாது. அங்க நிறுத்தணும். விட்டுட்டுப் போய் 5 மணி நேரம் கழிச்சு வந்தா மறுபடி அதே சக்கைக் கதைதான், ஜெலட்டின் எல்லாம் குழம்புக்குப் போயிடும், நார் மட்டும் நூல் நூலா மிஞ்சும். ஸ்டூ எவ்வளவு நேரம் வெந்தாலும் நல்லதுன்னு சொல்றவங்க அதை எடுத்து ஒரு வாய் சாப்பிட்டுப் பாத்துட்டு சொல்லட்டும்.

பிரஷர் குக்கர்ல பண்ணலாமான்னு கேட்டா, பண்ணலாம். உள்ள கிட்டத்தட்ட 120 டிகிரி போகும், அதனால 35, 40 நிமிஷத்துல சவ்வு கரைஞ்சுடும். வேலைநாள்ல நானும் அப்படித்தான் பண்றேன். என்ன, தண்ணி சுண்டாது, அதனால ஸ்டாக்கைக் குறைச்சு ஊத்தணும், ப்ரஷரைத் தானா இறங்க விடணும், சட்டுனு ஆவியைத் திறந்துவிட்டா உள்ள பயங்கரமா கொதிச்சு கறி கலைஞ்சுடும்.

காய்கறி எப்ப போடறதுங்கறதுல ஒரு சின்ன சூட்சுமம். ஆரம்பத்துலயே போட்டா கேரட் கூழ். ரொம்பக் கடைசியில போட்டா கிழங்கு கட்டி. கடைசி 45 நிமிஷம்தான் சரி, ஆனா ஒயினும் தக்காளியும் போட்ட சாஸ்ல புளிப்பு இருக்கும், புளிப்பு இருந்தா காய்கறியை இறுக்கமா பிடிச்சு வெச்சிருக்குற பெக்டின் சீக்கிரம் இளகாது, அதனால சாதா தண்ணில வேகுற நேரத்தைக் கணக்கு வெச்சுப் போட்டா ஏமாந்துடுவோம். நான் ரெண்டு தடவை ஏமாந்தேன், கறி வெண்ணெய் மாதிரி இருக்கு, கிழங்கு கடக்குன்னுது, கிழங்குக்காக இன்னும் வேகவிட்டா கறி போயிடும். பதறாம இருக்கணும்னா கிழங்கைத் தனியா முக்கால் பதம் அவிச்சு வெச்சுக்கலாம். மாவுக் கிழங்கு கரைஞ்சு சாஸைக் கெட்டியாக்கும், மெழுகு மாதிரி இருக்குற வகை துண்டா நிக்கும். எனக்குத் துண்டுதான் வேணும். 3 கேரட், 600 கிராம் கிழங்கு. பட்டாணி போடறதா இருந்தா அடுப்பை அணைக்கறதுக்கு 5 நிமிஷம் முன்னாடி, அவ்வளவுதான்.

எல்லாம் முடிஞ்சு ருசி பாத்தா நல்லாத்தான் இருக்கும் ஆனா ஏதோ ஒண்ணு தூங்கிட்டு இருக்குற மாதிரி இருக்கும். அது உப்பு இல்ல. உப்பு மட்டும்தான்னு நெனச்சு போட்டுக்கிட்டே போவோம். இப்ப உப்பை ஒரு தடவை சரிபண்ணிட்டு, 2 டீஸ்பூன் வினிகர் ஊத்தி கலக்கிப் பாருங்க. வினிகர் தெரியக்கூடாது, கறியும் கேரட்டும் தனித்தனியா தெரிய ஆரம்பிக்கணும். மேல பார்ஸ்லி பொடியா நறுக்கித் தூவுறது அழகுக்குன்னு நெனச்சிருந்தேன், இல்ல, மூணு மணி நேரம் வெந்த பாத்திரத்துல பச்சையா இருக்குற ஒரே வாசனை அதுதான்.

அன்னைக்கே சாப்பிடலாம், ஆனா மறுநாள்தான் அது ஸ்டூ. ஒண்ணே ஒண்ணு, பெரிய பாத்திரத்தோட அப்படியே அடுப்பு மேடையில ராத்திரி முழுக்க விட்டுடாதீங்க. வேகுற சூட்டுலயும் சாகாத விதைகள் இருக்குற பாக்டீரியா உண்டு, க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ்னு பேரு, கெட்டியான ஸ்டூ மெதுவா ஆறுற அந்த வெதுவெதுப்பு அதுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆழம் கம்மியான டப்பாக்கள்ல பிரிச்சு ஊத்தி 2 மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வெச்சுடணும், 3, 4 நாளைக்குத் தாங்கும். ஃப்ரீசர்ல போடறதா இருந்தா கிழங்கை எடுத்துட்டுப் போடுங்க, கிழங்கு உறைஞ்சு உருகினா ஸ்பாஞ்சு மாதிரி ஆகிடும்.

போன மாசம் தோள்பட்டையில பண்ணின ஸ்டூவை மறுநாள் காலையில ஃப்ரிட்ஜ்லருந்து எடுத்தேன். மேல கொழுப்பு மஞ்சளா மெழுகு மாதிரி ஒரு தட்டா நின்னுது, அதை ஸ்பூனால நெம்பி எடுத்துட்டேன். கீழ பாத்தா குழம்பைக் காணோம். கறி, கேரட், எல்லாத்தையும் பிடிச்சுக்கிட்டு ஒரே ஜெல்லி, டப்பாவை ஆட்டினா முழுசா ஒரு குலுக்கு குலுங்கி நிக்குது. தைரியமா சிங்க் மேல வெச்சு டப்பாவைத் தலைகீழா கவுத்தேன். ஒரு சொட்டு விழல. கவுத்த கையோட இன்னொரு கையால போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன், கீழ "தோள்பட்டை"னு மட்டும் போட்டேன்.

பத்து நிமிஷம் கழிச்சு பதில் வந்துச்சு: "மூடி போட்டு உள்ள வைடா, கெட்டுப் போயிடும்."